இரண்டா, பத்தா?

கோவையிலிருந்து தோழர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். பவுண்டரித் தொழிலாளி. மோல்டிங் பிரிவிலே பதினோராண்டுக் காலம் மணலோடும் அனலோடும் மல்லாடியவர். காய்த்துப்போன கரங்கள். அந்தக் கரங்களிலே ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளே சம்பளச் சீட்டுகள், ஆதார் நகல், வங்கிப் புத்தகம், ஈ.எஸ்.ஐ. அட்டை — பதினோராண்டு உழைப்புக்கு மிச்சமாய் நின்ற சாட்சிகள்!

"உட்காருங்கள், தோழர்" என்றோம். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்:

"ஏனுங்கண்ணா, ரெண்டுங்கறது என்னங்க? பத்துங்கறது என்னங்க?"

நமக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல விளங்கிற்று. விளங்க விளங்க நெஞ்சு கொதித்தது.

நடந்தது இதுதான். பவுண்டரிக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் குறைந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, சூப்பர்வைசர் பதினான்கு பேரை அழைத்து நிறுத்தினார். "திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம். ஆர்டர் வந்தா நாங்களே கூப்பிடறோம்" என்றார். கடிதம் இல்லை, கணக்குத் தீர்ப்பு இல்லை, கைகுலுக்கல்கூட இல்லை. ஆர்டரும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை. முதல் மாதம் மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. இரண்டாம் மாதம், "வேலை இழந்தவர்க்கு ஈ.எஸ்.ஐ.யிலே பணம் தருகிறார்களாம்" என்று பக்கத்து வீட்டார் சொல்ல, நம்பிக்கையோடு விண்ணப்பம் போட்டுவிட்டு அலுவலகம் சென்றார்.

அங்கே இருந்த ஊழியர் கடிந்து பேசவில்லை. கணினியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மீண்டும் கணினியைப் பார்த்தார். "நீங்களா வேலையை விட்டுட்டுப் போனதா பதிவாகியிருக்கு. உங்க கம்பெனி ரெண்டாம் நம்பர் போட்டிருக்காங்க. பத்து போட்டிருந்தா வழி இருந்திருக்கும்" என்றார்.

"நான் எங்கீங்க விட்டேன்? அவங்கதானுங்களே வர வேண்டாம்னாங்க!"

அதற்கு அந்த ஊழியரிடம் விடை இல்லை. விடை சொல்ல வேண்டியவரும் அவர் அல்லர். பெயரையோ ஆலையையோ எழுத வேண்டாம் என்று தோழர் கேட்டுக்கொண்டார். அதே வட்டாரத்திலே, அதே முதலாளிகளின் வாசலிலேதானே மறுபடி வேலை கேட்டு நிற்க வேண்டும்! ஆகவே எழுதவில்லை. ஆனால் அந்த எண்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

தோழர்களே! ஈ.எஸ்.ஐ. திட்டத்திலே, மாதந்தோறும் முதலாளி தன் தொழிலாளர் பட்டியலைக் கணினி வழியே அனுப்புகிறார். ஒருவருக்கு அந்த மாதம் ஊதியம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று காரணம் காட்ட வேண்டும். காரணத்தை எழுத்தில் எழுதத் தேவையில்லை. ஒரு எண் போட்டால் போதும். 2 என்றால் 'வேலையை விட்டுச் சென்றார்.' 3 என்றால் 'ஓய்வு பெற்றார்.' 5 என்றால் 'இறந்தார்.' 9 என்றால் 'வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு.' 10 என்றால் 'ஆட்குறைப்பு.' 11 என்றால் 'வேலை இல்லை.'

ஒரு விரல், ஒரு விசை, ஒரு எண் — ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் அதிலே இருக்கிறது. அந்த விரல் யாருடையது? வேலையை விட்டு அனுப்பிய முதலாளியுடையது! குத்தியவனே மருத்துவச் சான்றும் எழுதித் தருவதுபோல இல்லையா இது?

முதலாளி ஏன் 10 போடத் தயங்குகிறார்? ஆட்குறைப்பு என்று எழுதிவிட்டால் அதற்கு ஒரு விலை உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்குவதானால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும் என்று சொல்லிற்று. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்பிலும் ஆட்குறைப்புக்கு இழப்பீடு உண்டு. மறுபயிற்சி நிதியென்று 15 நாள் ஊதியமும் உண்டு. 'போய்விட்டார்' என்று எழுதினால்? செலவு இல்லை! அவருக்கு அது சிக்கனம். தொழிலாளிக்கு அது இரட்டை இழப்பு: இழப்பீடும் போயிற்று, ஈ.எஸ்.ஐ. உதவியும் போயிற்று.

இனி அந்த உதவிதான் எவ்வளவு, எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கிற்று. நோய்க்கு மருந்து, பிரசவத்துக்கு உதவி, விபத்துக்கு ஈடு — இவையெல்லாம் இருந்தன. நல்லவை; மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளிக்கு வரும் நோய்களிலே கொடிய நோயான வேலையின்மைக்கு மட்டும் அந்த மருந்துப் பெட்டியிலே மருந்து இல்லை. அரை நூற்றாண்டு கழிந்து, 2005 ஏப்ரல் 1இல் ராஜீவ் காந்தி பெயரால் ஒரு திட்டம் வந்தது. ஆலை மூடப்பட்டாலோ, சட்டப்படி ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத விபத்திலே 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிலையான ஊனம் நேர்ந்தாலோ உதவி என்றார்கள். ஐந்தாண்டு பணம் கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். பின்னர் மூன்றாண்டு என்றார்கள். பின்னர் இரண்டாண்டு என்றார்கள்.

2018 ஜூலை 1இல் இன்னொன்று வந்தது. அதன் பெயர் — மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் — அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா! கோவைத் தோழரிடம் அந்தப் பெயரை ஒருவர் சொன்னபோது அவர் கேட்டாராம்: "கல்யாண உதவிங்களா? எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருசமாச்சுங்களே!" சிரித்தோம். சிரித்த பிறகு சிந்தித்தோம். வேலை இழந்தவன் தன் உரிமையின் பெயரையே உச்சரிக்க முடியாவிட்டால், அந்த உரிமையை எந்தச் சன்னலிலே போய்க் கேட்பான்? 'வேலை இழந்தோர் உதவி' என்று மூன்று சொற்களிலே எழுதினால் முத்திரை விழாதோ?

பெயர் கிடக்கட்டும், பொருளைப் பார்ப்போம். தொடக்கத்திலே, சராசரி ஊதியத்திலே நூற்றுக்கு 25. அதுவும் வேலை போய் 90 நாள் கழித்து. கொரோனா கொடுமை வந்து, 2020 மார்ச்சிலே நாடே அடைக்கப்பட்டபின், அதே ஆண்டிலே 25ஐ 50 ஆக்கினார்கள்; 90 நாள் காத்திருப்பை 30 ஆக்கினார்கள்; முதலாளி வழியாக அல்லாமல் தொழிலாளி நேரடியாகவே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நல்ல மாற்றங்கள், பாராட்டுகிறோம். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுவதில்லை. ஆனால் அப்படி மாற்றிய பிறகும் விதிகளின் வேலி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே வரத்துக்குள்ளேயே பூசாரியை ஒளித்து வைத்திருக்கிறார்கள்!

வேலை இழந்த ஒருவன் திருவாளர் விதியின் முன்னே போய் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

விதி: எத்தனை ஆண்டு பணம் கட்டினாய்?

தொழிலாளி: பதினோராண்டுங்க.

விதி: பழங்கதை வேண்டாம். கடைசி ஈராண்டைச் சொல். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்திலே 78 நாளுக்குப் பணம் கட்டினாயா?

தொழிலாளி: ஆர்டர் குறைந்துபோய் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை கொடுத்தார்கள். 26 வாரத்துக்கு 52 நாள் ஆகிறதுங்க.

விதி: 78க்கு 26 குறைகிறது. தகுதி இல்லை.

தொழிலாளி: வேலை குறைந்ததால்தானே வேலையே போயிற்று!

விதி: அது உன் வாதம். இது என் கணக்கு. சரி, முன்பு எப்போதாவது இந்த உதவியை வாங்கியதுண்டா?

தொழிலாளி: கொரோனாக் காலத்திலே வாங்கினேனுங்க. 90 நாள்.

விதி: முடிந்தது! ஆயுளுக்கு 90 நாள்தான். இனி இந்தப் பிறவியிலே உனக்கு இல்லை.

தொழிலாளி: இந்தப் பிறவியிலேதானுங்களே பசிக்கிறது!

கற்பனை உரையாடல்தான், தோழர்களே. ஆனால் அதிலே வரும் எண்கள் கற்பனை அல்ல. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு பங்களிப்புக் காலம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மற்றொன்று. வேலை போவதற்கு ஒட்டி முன்னுள்ள காலத்திலே 78 நாள், அதற்கு முந்தைய மூன்று காலங்களிலே ஏதேனும் ஒன்றிலே 78 நாள் கட்டியிருக்க வேண்டும். ஆயுளிலே அதிகம் போனால் 90 நாளுக்குத்தான் உதவி.

78 என்பது சிறிய எண்தானே என்று குளிர்ந்த அறையிலே இருப்போர் கேட்கக்கூடும். வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருந்தால் எட்டிவிடலாம்; உண்மை. ஆனால் எந்த ஆலையும் ஒரே நாளிலே சாவதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு மூன்றாம் ஷிப்டு நிற்கும். பிறகு வாரம் நான்கு நாள், மூன்று நாள், இரண்டு நாள். கடைசியிலேதான் கேட் பூட்டப்படும். ஆகவே கடைசி ஆறு மாதத்தின் கணக்கைப் பார்ப்பது, சாகக் கிடப்பவனை நிறுக்கும் இடத்திலே நிறுத்தி, "எடை போதாது, உனக்கு மருந்து இல்லை" என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

காப்பீட்டு வேலியின் வாசல் உயரத்தையும் பாருங்கள். 2017இல் வைத்த ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதைத் தாண்டினால் அப்போது நடக்கும் பங்களிப்புக் காலம் முடிந்ததும் நீ வெளியே. கீழேயும் ஒரு வரம்பு: பத்துப் பேர் இல்லாத பட்டறைக்குப் பொதுவாகத் திட்டமே இல்லை. வீட்டு வேலை செய்யும் தாய்க்கு இல்லை. தமிழக அரசு வேலையற்ற இளைஞர்க்கு உதவித்தொகை தருகிறது. அங்கேயும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலே பதிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். நம் வீட்டுக் குறையையும் நாமே சொல்லத்தான் வேண்டும்.

சரி, எல்லா வேலியையும் தாண்டிவிட்டான் என்றே கொள்வோம். கிடைப்பது என்ன? மாதம் 16,000 ரூபாய் வாங்கிய தொழிலாளிக்குப் பாதி 8,000. மூன்று மாதத்துக்கு 24,000. இது பிச்சையா? அன்று! 2019 ஜூலை முதல் வந்த விகிதப்படி, அவனுடைய ஊதியத்திலே நூற்றுக்கு 0.75 பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 கட்டுகிறார். 16,000க்கு அவன் பங்கு 120, முதலாளி பங்கு 520; ஆக மாதம் 640 ரூபாய். முதலாளியின் பங்கும் வானத்திலிருந்து விழுவதில்லை. உழைப்பின் விலையிலே ஒரு பகுதிதான் அது. அந்தப் பணத்திலேதான் மருத்துவமனையும் நடக்கிறது, மருந்தும் வருகிறது என்பது நமக்குத் தெரியும். முழுவதையும் வேலையின்மைக்கே கொடு என்று நாம் கேட்கவில்லை. கட்டியவன் கேட்கும்போது கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்க்காதே என்றுதான் கேட்கிறோம்.

இப்போது 'விருப்பம்' என்ற சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். தானாக விருப்ப ஓய்வு பெற்றவர்க்கு இந்த உதவி இல்லை என்பது விதி. விருப்பம்! எத்தனை இனிமையான சொல்! 2014ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையிலே நடந்ததை நாடு அறியும். விருப்ப ஓய்வுத் திட்டம் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அவர்களிலே பலர் இருபதுகளிலே இருந்த இளைஞர்கள், இளம்பெண்கள். இருபத்தைந்து வயதிலே ஓய்வா? அதுவும் விருப்பத்தோடா? அதே ஆண்டு நவம்பர் 1இல் ஆலையிலே உற்பத்தி நின்றது. கப்பல் மூழ்கப் போகிறது என்று தெரிந்து கடலிலே குதித்தவனைப் பார்த்து, "நீ விருப்பப்பட்டு நீந்தப் போனாய்" என்று சொல்லலாமா?

ஒப்பந்தத் தொழிலாளியின் கதை இன்னும் பரிதாபம். குறிப்பிட்ட காலத்துக்கென்று வேலைக்கு வைத்து, காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984இலேயே சட்டத்திலே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். புதிய தொகுப்பிலும் அதே நிலைதான். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் இடைவெளி, மீண்டும் பதினோரு மாதம் — இப்படியே பத்தாண்டு ஓடியவனை ஒருநாள் நிறுத்தினால், அவனுக்கு வேலை 'போகவில்லை', வேலை 'முடிந்தது.' அடுப்புக்கு இந்த இலக்கண வேறுபாடு தெரியுமா?

இந்தத் தகுதிச் சோதனை உலகத்துக்குப் புதிதன்று. இங்கிலாந்து நாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம். 1911இலே அங்கே தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. கட்டடம், கப்பல், பொறியியல் போன்ற தொழில்களிலே வேலை இழந்தவர்க்கு வாரம் 7 ஷில்லிங். முதல் ஒரு வாரம் காத்திருந்தால் போதும். ஓராண்டிலே 15 வாரம் வரை கிடைக்கும். ஆயுளிலே அன்று, ஓராண்டிலே! ஆகாய விமானம் தவழக் கற்றுக்கொண்டிருந்த காலத்திலே அது. செயற்கைக்கோளிலிருந்து பேசும் காலத்திலே நமக்கு ஆயுளுக்கே 90 நாள்!

ஆனால் அங்கேயும் பூசாரிகள் வந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வேலையின்மை பெருகியதும், 1921இலே ஒரு நிபந்தனை போட்டார்கள்: "உண்மையாகவே வேலை தேடுகிறேன் என்று நிரூபி." வேலையே இல்லாத ஊரிலே, இல்லாத வேலையைத் தேடி ஆலை ஆலையாய் நடந்தேன் என்று மெய்ப்பிக்க வேண்டும்! அந்த நிபந்தனை 1930 வரை உயிரோடு இருந்தது. அதற்குள் ஏறத்தாழ 30 லட்சம் விண்ணப்பங்கள் அந்த ஒரு காரணத்தால் தள்ளப்பட்டன. 1931இலே வேறொன்று வந்தது — வருவாய்ச் சோதனை. அதிகாரி வீட்டுக்குள்ளே வருவார். மகன் சம்பாதிக்கிறானா, மகள் சம்பாதிக்கிறாளா, சேமிப்பு உண்டா என்று துருவுவார். அதற்கேற்பத் தகப்பனின் உதவியைக் குறைப்பார். மகனின் கூலியிலே சாப்பிடும் தகப்பன், தகப்பனைச் சுமக்க மனமின்றி வீட்டைவிட்டு வெளியேறிய மகன் — குடும்பங்களுக்குள்ளே விரிசல் விழுந்தது.

ஜாரோ என்று ஓர் ஊர். கப்பல் கட்டும் தளம்தான் அந்த ஊரின் உயிர். தளம் மூடப்பட்டது, ஊரே வேலை இழந்தது. 1936 அக்டோபர் 5இலே இருநூறு பேர் மனுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லண்டனை நோக்கி நடந்தார்கள். ஏறத்தாழ 280 மைல்! அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் எல்லென் வில்கின்சன் என்னும் வீரப்பெண்மணி உடன் நடந்தார். அக்டோபர் 31இலே லண்டன் சேர்ந்தார்கள். ஊர் திரும்பியவர்களுக்கு என்ன வரவேற்பு தெரியுமா? அவர்களுடைய உதவித்தொகை வெட்டப்பட்டிருந்தது. காரணம்? "நீங்கள் நடந்துகொண்டிருந்த நாட்களிலே, வேலை வந்திருந்தால் ஏற்றுக்கொள்ளும் நிலையிலே இல்லை!"

வேலை கேட்டு நடந்தவனுக்கு, வேலைக்குத் தயாராய் இல்லை என்று தண்டனை! வேலை பறிக்கப்பட்ட கோவைத் தோழருக்கு, வேலையை விட்டுச் சென்றார் என்று பட்டம்! கடல்கள் வேறு, காலம் வேறு, கொடி வேறு. விதியின் மூளை மட்டும் ஒன்றேபோல் இருக்கிறது பாருங்கள்!

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழும். தவறு செய்து நீக்கப்பட்டவனுக்கும், சலித்துப்போய் விலகியவனுக்கும் பொதுப்பணத்திலே உதவி கொடுக்க வேண்டுமா? சோதனையே கூடாதா? போலிக் கம்பெனி காட்டிப் பணம் சுருட்டுவோர் வரமாட்டார்களா? வருவார்கள். சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952இலே செய்த 102ஆம் உடன்படிக்கையும், தானாக விலகியவர்க்கு உதவியை நிறுத்தலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதோடு ஒரு சொற்றொடரையும் சேர்த்தது: 'நியாயமான காரணம் இன்றி.' அந்தச் சொற்றொடரிலேதான் மனிதம் இருக்கிறது! காரணம் உண்டா, இல்லையா என்று கேட்க வேண்டும். கேட்டு, இருதரப்பையும் விசாரித்து, முடிவு செய்ய வேண்டும். ஒருதரப்பு அழுத்திய எண்ணைத் தீர்ப்பாக்கக் கூடாது. அதே உடன்படிக்கையின்படி காத்திருப்பு ஏழு நாளுக்கு மேல் போகக் கூடாது. உதவிக் காலத்தை ஒரு நாடு சுருக்கினாலும் பன்னிரண்டு மாதத்துக்குள் 13 வாரத்துக்குக் குறையக் கூடாது. எழுபதாண்டு கடந்தும் இந்திய அரசு அந்த உடன்படிக்கையிலே சேரவில்லை.

கொடுத்தால் சோம்பேறியாவான் என்போர்க்கு ஒரு சின்னக் கணக்கு. வேலைக்குப் போனால் 16,000. வீட்டிலே இருந்தால் 8,000, அதுவும் மூன்றே மாதம். எந்தப் பைத்தியக்காரன் இந்த பேரத்துக்கு இசைவான்? உதவி சோம்பேறியாக்கும் என்பது உண்மையானால், முப்பாட்டன் சேர்த்த சொத்திலே மூன்று தலைமுறையாய் உட்கார்ந்திருப்போரை முதலில் சோதிக்கட்டும்!

இந்திய அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலை செய்யும் உரிமைக்கும், வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளிலே பொது உதவி பெறும் உரிமைக்கும், தன் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் அரசு வகை செய்ய வேண்டும் என்கிறது. அருமையான வாசகம்! ஆனால் அது வழிகாட்டும் நெறி. அதை வைத்து நீதிமன்றத்திலே வழக்காட முடியாது என்று 37ஆம் பிரிவு முன்னதாகவே கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. வேலை இழந்தோர்க்கான இந்தத் திட்டமும் ஈராண்டுச் சோதனை என்று தொடங்கி, தவணை தவணையாய் நீட்டப்பட்டே வந்தது. வேலை நிரந்தரமில்லை, வேலை போனவனுக்கு உதவும் திட்டமும் நிரந்தரமில்லை. என்னே பொருத்தம்!

ஆகவே நாம் கேட்பது இவை:

முதலாவது, முதலாளி 2 என்று போட்டால் அது அன்றே தொழிலாளியின் கைப்பேசிக்குத் தமிழிலே செய்தியாக வரவேண்டும். 'இல்லை, என்னை அனுப்பினார்கள்' என்று அவன் மறுத்தால், விலகல் கடிதத்தைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியின் தலையிலே விழ வேண்டும்.

இரண்டாவது, ஆயுளுக்கு 90 நாள் என்பது ஒழிய வேண்டும். வேலை போகும் ஒவ்வொரு முறையும் உதவி வேண்டும்.

மூன்றாவது, 30 நாள் காத்திருப்பு 7 நாள் ஆக வேண்டும். கடல் வற்றிக் கருவாடு தின்னக் காத்திருந்து குடல் வற்றிச் செத்த கொக்கின் கதை நமக்கு வேண்டாம்.

நான்காவது, கடைசி ஆறு மாதத்தின் 78ஐ மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கணக்கிலே கட்டிய மொத்தத்தைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஆலை மூடும் தறுவாயிலே வாங்கப்படும் 'விருப்ப ஓய்வு', புதுப்பிக்கப்படாத ஒப்பந்தம் இரண்டும் வேலை இழப்பு என்றே கொள்ளப்பட வேண்டும்.

ஆறாவது, தவணைத் திட்டம் நிலையான சட்டமாக வேண்டும்.

கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டாம். ஊர்தோறும் நமக்குப் படிப்பகங்கள் இருக்கின்றன. வாரம் ஒரு மாலை, விவரம் தெரிந்த இளைஞர் இருவர் அங்கே உட்காரட்டும். ஆலையிலிருந்து வரும் தோழரின் ஈ.எஸ்.ஐ. எண்ணைப் போட்டு, மாதந்தோறும் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போது புதிய எண் போட்டிருந்தால், பழைய எண்ணோடு சேர்க்க மனு எழுதட்டும். ஒருவருக்கு ஓர் எண்தான். ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும்.

தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு சொல். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளிலே கையெழுத்திடாதீர்கள். "வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால், அன்றே "இன்ன தேதியிலே வர வேண்டாம் என்றீர்கள், நான் வேலை செய்யத் தயாராயிருக்கிறேன்" என்று நான்கு வரி எழுதி விரைவுத் தபாலிலே அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீது ஒருநாள் உங்கள் பிள்ளைகளின் சோறாகும்.

கோவைத் தோழர் அதைத்தான் இப்போது செய்திருக்கிறார். நம் அலுவலகத்திலேயே உட்கார்ந்து — ஆம், கடைசியிலே உட்கார்ந்தார் — அவரோடு நின்ற பதின்மூன்று பேரின் பெயரையும் சேர்த்து மனு எழுதினார். "நாங்கள் வேலையை விடவில்லை, வேலை எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது" என்பது அதன் முதல் வரி. எழுதி முடித்து, மஞ்சள் பைக்குள்ளே வைத்துக்கொண்டு புறப்படும்போது கேட்டார்:

"இதுக்கு என்ன நம்பர் போடுவாங்கண்ணா?"

பதினான்கு என்று சொல்லி அனுப்பினோம். பதினான்கு பேர், ஒரே குரல். அந்த எண்ணை அழிக்கும் விசை எந்த முதலாளியின் கணினியிலும் இல்லை!